தலைக்கவசம் கழற்றிய பிறகு

ஐம்பது நிமிசம் ஒரு மெசினின்ரை கீச்சொலி மட்டும் கேக்கிற காது இது.
பிறகு விசில்.
பத்து நிமிசம் ஓய்வு.
கவச உடுப்பைப் பாலைமரக் கொப்பிலை கொழுவிப்போட்டு
போனை எடுக்கிறன்.
ஒலுமடுப் பக்கம் சிக்னல் இல்லை.
காலமை மாங்குளம் சந்தியிலை பஸ் நிக்கைக்குள்ளை
இறக்கி வைச்ச பாட்டுகள்தான்.
நிறைமதிக்கு இடது காது வயர், எனக்கு வலது.

முதலிலை எம்சி கரும்பாறை. கனடாப் பெடியன்.
"செம்மண் என் ரத்தம்" எண்டு எட்டுத்தரம் சொல்லுறான்.
எண்ணினன். எண்ணுறது என்ரை தொழில்.
செம்மண் நகத்துக்குள்ளை ஏறினால்
மூண்டு நாள் சவுக்காரம் போட்டாலும் போகாது, தம்பி.
அதைப் பாடு, கேக்கிறன்.
ஆனால் அந்த பேஸ் வலு திறம், பொய் சொல்லக்கூடாது.
வயித்துக்குள்ளை லாண்ட்மாஸ்ரர் இறங்கின மாதிரி.
சொல்லையெல்லாம் எடுத்துப்போட்டு
அடியை மட்டும் தந்தானெண்டால்
காசு குடுத்தே வாங்குவன்.

அடுத்தது ரியோனா, "கண்ணாடி மழை".
நிறைமதிக்கு உயிர். எனக்கு
கலியாண வீட்டு மேக்கப் மாதிரிக் கிடக்கு:
குரல் எங்கை முடியுது, பூச்சு எங்கை தொடங்குது
ஒண்டும் விளங்காது.
அழுகையைக்கூட அயன் பண்ணித் தாறாங்கள்.
எண்டாலும் ரெண்டாம் சரணத்துக்கு முன்னாலை
ஒரு மூச்சு இழுக்கிறாள்.
வெட்ட மறந்துபோனாங்கள் போலை.
சின்னன். ஒரு செக்கன்கூட இல்லை.
அந்த மூச்சை மட்டும் நாலுதரம் திருப்பிக் கேட்டன்.
"உனக்கு விசர்" எண்டாள் நிறைமதி.

மூண்டாவது கொழும்பு ஆக்கள், டபுள் லோட்.
தொடக்கமே துவக்குச் சத்தம்.
அதுக்கு முன்னாலை ஒரு கிளிக்.
அந்தக் கிளிக் பிழை.
எங்கடை அமலதாஸ் அண்ணை
மோட்டச்சைக்கிள் ஸ்ராண்டைக் காலாலை தட்டுறவர்,
அச்சொட்டா அதுதான்.
எனக்குச் சிரிப்பு வந்திட்டுது.
நிறைமதி சிரிக்கேல்லை.
காதிலை இருந்ததைக் கழட்டி என்ரை மடியிலை வைச்சாள்.
தண்ணிப் பரல் மட்டும் போய்
ரெண்டு கோப்பை குடிச்சாள்.
அந்தப் பாட்டைப் பற்றி எனக்கு வேறை அபிப்பிராயம் இல்லை.
அழிச்சிட்டன்.

கடைசியா, முத்தையன்கட்டுப் பக்கத்துப் பெடியன் ஒருத்தன்.
பேர் "ஆறாம் வாய்க்கால்".
அலுமாரிக்குள்ளை இருந்து பதிஞ்சிருக்கவேணும்,
சேவல் ஒண்டு இடையிலை கூவுது,
ஆரோ "சோறு போடட்டோ" எண்டு கேக்கினம்.

*வியாழன் விடிஞ்சால் படலையிலை வட்டி,*
*அம்மா இருக்கிறா கதவைப் பூட்டி,*
*அடுப்பிலை கிடக்குது வெறுஞ்சட்டி*

எதுகைக்குத்தான் சட்டியை இழுத்துக்கொண்டு வந்தவன் எண்டு
முதல்தரம் நினைச்சன்.
இல்லை. சட்டி முதலே அங்கை இருந்திருக்கு,
வட்டிதான் பிறகு வந்தது.
தாளத்துக்கு அரை அடி பிந்தி வாறான், எப்பவும்.
பிழை எண்டு சொல்லுவினம்.
பிந்தி வாற சத்தத்தைத்தான் நான்
சம்பளத்துக்குத் தேடுறன்.
மெசின் கீச்செண்டு சும்மா கத்தாது,
மண்ணுக்குக் கீழை ஏதோ இருக்கு.

விசில்.

பின்னேரம் மட்டும் முழங்காலிலை நிண்டு கிடைச்சது
மீன் ரின் மூடி ஒண்டு, ஆணி ரெண்டு.
வாய்க்குள்ளை முழுக்க வட்டி, பூட்டி, சட்டி.
பக்கத்து ஒழுங்கையிலை நிறைமதியின்ரை தலைக்கவசமும்
அரை அடி பிந்தித்தான் ஆடினது.
நான் கண்டன், அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

மாங்குளத்திலை சிக்னல் வந்தவுடனை பாத்தன்.
காலமை நாப்பத்து மூண்டு பேர் கேட்டிருந்தினம்.
இப்ப நாப்பத்து நாலு.
நாங்கள் இறக்கிக் கேட்டது கணக்கிலை சேராதாம்.
அப்ப ஆர்?
"லீசிங்காரனோ தெரியாது" எண்டாள் நிறைமதி,
யன்னலாலை பாத்தபடி.

நல்லாக் கேக்கட்டும்.